கம்பியில்லா மைக்கும் ஆன்டெனாவும்: படப்பிடிப்புத் தள ஒலிப்பதிவு பற்றிச் சில குறிப்புகள்

தமிழ்ப் படங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, திரையில் வாயசைக்கும் நடிகரின் குரல் பின்னால் ஒரு டப்பிங் தியேட்டரில் பதிவானது என்பதில் வியப்பு எதுவும் இல்லை. சில நடிகைகளுக்குக் குரல் கொடுத்தவர் வேறு ஒருவர் என்பதும் தெரிந்த விஷயம்தான். ஹாலிவுட்டின் வழக்கம் வேறு. காமிராவுக்கு முன் நடிகர் பேசிய அதே பேச்சு, அதே மூச்சோடு, முடிந்தவரை படத்திலும் இருக்க வேண்டும் என்பது அங்கே எதிர்பார்ப்பு. நம் பக்கத்திலும் 'லகான்' (2001), 'விருமாண்டி' (2004) போன்ற படங்கள் இப்படித் தளத்திலேயே ஒலிப்பதிவு செய்து எடுக்கப்பட்டவை.

அமெரிக்காவில் சிறு பட்ஜெட் படங்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் இந்தத் தள ஒலிப்பதிவு வேலையைச் செய்து வருகிறேன். நண்பர்கள் என்னிடம் கேட்பது எப்போதும் மைக்கைப் பற்றித்தான். எந்தக் கம்பெனி, என்ன விலை, சட்டைக்குள் எப்படி ஒளித்து வைப்பது என்று கேட்பார்கள். ஆன்டெனாவைப் பற்றி யாரும் கேட்டதில்லை. ஆனால் கம்பியில்லா மைக்கில் பேசிய வசனம் பிழைக்குமா, பாழாகுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஆன்டெனா நிற்கும் இடம். அதைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன். கணக்கு கொஞ்சம் வரும். பள்ளிக்கூடக் கணக்குக்கு மேல் போகாது.

கம்பியில்லா மைக் எதற்கு?

தள ஒலிப்பதிவில் முதல் மரியாதை பூம் மைக்குக்குத்தான். நீண்ட கழியின் நுனியில் மைக்கைக் கட்டி, காமிராவின் கண்ணில் படாமல் நடிகரின் தலைக்கு மேலே பிடிப்பார்கள். ஆனால் அகலமான ஷாட்டில் கழி உள்ளே வர முடியாது. நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு கழி போதாது. அப்போதுதான் உடைக்குள் ஒளித்த சிறு மைக்கும், இடுப்பில் கட்டிய டிரான்ஸ்மிட்டரும் தேவைப்படுகின்றன.

'மை ஃபேர் லேடி' (1964) படத்தில் ரெக்ஸ் ஹாரிசன், முன்பே பதிவு செய்த பாட்டுக்கு வாயசைக்க மறுத்துவிட்டார். அவருடைய கழுத்து டையில் கம்பியில்லா மைக்கை ஒளித்துவைத்து, பாட்டைத் தளத்திலேயே பதிவு செய்தார்கள். அந்த ஆண்டின் சிறந்த ஒலிக்கான ஆஸ்கார் விருது அந்தப் படத்தின் ஜார்ஜ் குரோவ்ஸுக்குக் கிடைத்தது. பின்னர் ராபர்ட் ஆல்ட்மன் 'நாஷ்வில்' (1975) படத்தில் பல நடிகர்களுக்குத் தனித்தனியே மைக் மாட்டினார். எல்லோரும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் பேச, ஒலிப்பதிவாளர் ஜிம் வெப் அவற்றை 8 தட ஒலிநாடாவில் பதிவு செய்தார். இன்று ஒரு சாதாரணத் தொலைக்காட்சித் தொடரிலும் ஆளுக்கொரு மைக் உண்டு.

அலையின் சங்கடங்கள்

இந்த டிரான்ஸ்மிட்டரின் சக்தி மிகக் குறைவு. 50 மில்லிவாட் என்பது பரவலான அளவு. அதாவது ஒரு வாட்டில் இருபதில் ஒரு பங்கு. இதே அலைவரிசைப் பகுதியில் இயங்கும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையத்துக்கு 1,000 கிலோவாட் வரை வீச்சு சக்தி அனுமதி உண்டு. நம்முடையதைப் போல் 2 கோடி மடங்கு! இடி முழக்கத்துக்கு நடுவே ஒரு கிசுகிசுப்பைக் கேட்பதுதான் நம் ரிசீவரின் வேலை.

அடுத்த சங்கடம் தூரம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் வந்து சேரும் சக்தி நான்கில் ஒன்றாகும். டெசிபல் கணக்கில் இது 6 டெசிபல் இழப்பு.

மூன்றாவது, மனித உடம்பு. உடம்பில் பெரும்பகுதி உப்பு கலந்த தண்ணீர். அது இந்த அலைகளை உறிஞ்சிவிடும். டிரான்ஸ்மிட்டர் முதுகுப் பக்கமும் ஆன்டெனா நெஞ்சுப் பக்கமும் இருந்தால், நடுவில் இருக்கும் உடம்பே 20 டெசிபல் வரை தின்றுவிடக் கூடும். வேர்வையில் நனைந்த உடையும் டிரான்ஸ்மிட்டருக்குப் பகை. அதனால் பலரும் டிரான்ஸ்மிட்டருக்கு உறை போட ஆணுறைகளைப் பயன்படுத்துவார்கள். மருந்துக்கடையில் டஜன் கணக்கில் வாங்கி, கம்பெனி பெயருக்கு ரசீது கேட்கும்போது கடைக்காரர் பார்க்கும் பார்வை இந்தத் தொழிலின் உப வருமானம்.

நான்காவது, எதிரொலிப்பு. அலை நேராகவும் வரும், சுவரிலும் தரையிலும் இரும்பு அலமாரியிலும் பட்டுத் திரும்பியும் வரும். இரண்டும் ஓரிடத்தில் எதிரெதிர்க் கட்டத்தில் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். அந்த ஒரு புள்ளியில் மட்டும் அலையே இல்லாத பள்ளம் உண்டாகும். நடிகர் அரை அடி நகர்ந்தால் பள்ளமும் இடம் மாறும். ஒரு சொல்லின் நடுவில் சட்டென்று ஒலி அறுந்துபோவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இரண்டு ஆன்டெனா ஏன்?

பள்ளத்துக்கு மருந்தாகத்தான் நல்ல ரிசீவர்களில் இரண்டு ஆன்டெனாக்கள் இருக்கின்றன. ஒன்று பள்ளத்தில் விழுந்தாலும் மற்றது மேட்டில் இருக்கும் என்பது நம்பிக்கை. சில ரிசீவர்கள் இரண்டில் வலுவான ஆன்டெனாவுக்கு மாறிக்கொள்ளும். சில, இரண்டையும் கட்டம் பார்த்துச் சேர்த்துக்கொள்ளும். உயர்ந்த வகைகளில் ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் தனி ரிசீவர் சுற்றே உண்டு.

இது பலிக்க வேண்டுமானால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். 500 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 60 சென்டிமீட்டர். இடைவெளி குறைந்தது கால் அலைநீளம், அதாவது 15 சென்டிமீட்டர். ஓர் அலைநீளம் அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. தள்ளுவண்டியில் வேலை செய்யும்போது நான் ஒரு மீட்டர் விடுவேன். அவசரத்தில் இரண்டையும் ஒரே ஸ்டாண்டில் ஒட்டினாற்போல் மாட்டி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு ஆன்டெனாவுக்குப் பணம் கொடுத்து ஒன்றின் பலனைப் பெறும் வழி அது.

அலைக்கு நிற்கும் வாக்கும் உண்டு. செங்குத்தான ஆன்டெனாவிலிருந்து வரும் அலையைச் செங்குத்தான ஆன்டெனாதான் நன்றாக வாங்கும். நடிகர் நிற்கும்போது செங்குத்தாக இருக்கும் டிரான்ஸ்மிட்டர், அவர் சோபாவில் சாய்ந்தால் படுத்துவிடும். ஆகவே இரண்டு ஆன்டெனாக்களையும் 'வி' வடிவில் இரண்டு பக்கமும் சாய்த்து வைப்பது நல்ல பழக்கம்.

ஆன்டெனா வகைகள்

முதல் வகை ரிசீவரோடு வரும் குச்சி. கால் அலைநீளம் இருக்கும். 500 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். இதற்கு அடித்தளமாக ஓர் உலோகப் பரப்பு தேவை. ரிசீவரின் உலோகப் பெட்டியே அந்த வேலையைச் செய்கிறது. தோளில் மாட்டும் பைக்குள் நான்கு ரிசீவர்களும் எட்டுக் குச்சிகளும், கேபிள்களுக்கும் பாட்டரிகளுக்கும் நடுவே சிக்கிக் கிடந்தால் அவற்றின் திறமை பாதியாகிவிடும்.

இரண்டாவது, இரட்டைக் கை ஆன்டெனா. டைபோல் என்பார்கள். மொத்தம் அரை அலைநீளம். இதற்கு உலோக அடித்தளம் தேவையில்லை என்பதால் பையின் தோள்பட்டையிலோ வண்டியின் கம்பத்திலோ உயர்த்திக் கட்டலாம்.

மூன்றாவது, திசை பார்க்கும் ஆன்டெனா. சுறாவின் துடுப்புப் போலத் தட்டையாக, ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் இருக்கும். இதன் முறைப்பெயர் லாக் பீரியாடிக். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவானது. நம் வீட்டு மொட்டை மாடியில் நின்ற மீன்முள் ஆன்டெனா, ஜப்பானில் 1926இல் உடா, யாகி இருவரும் வெளியிட்ட வகையைச் சேர்ந்தது. அதைச் சிற்சில சானல்களுக்கென்று அளவெடுத்துச் செய்வார்கள். லாக் பீரியாடிக் ஓர் அகன்ற அலைவரிசை முழுவதையும் ஏறக்குறைய ஒரே சீராக வாங்கும். டைபோலை விட 4, 5 டெசிபல் கூடுதலாகத் தரும். அதை விடப் பெரிய லாபம், முதுகுப் பக்கமிருந்து வரும் இரைச்சலைக் குறைத்து வாங்கும். புதியவர்களுக்கு ஒரு குறிப்பு: குறுகிய முனைதான் நடிகரைப் பார்க்க வேண்டும். அகன்ற பக்கத்தைத் திருப்பி வைக்கத்தான் கை போகும்.

நான்காவது, திருகுச் சுருள் வடிவ ஆன்டெனா. டிரான்ஸ்மிட்டர் எப்படிச் சாய்ந்திருந்தாலும் ஒரே மாதிரி வாங்கும் குணம் உடையது. பருமனானது. மேடை நிகழ்ச்சிகளிலும் விளையாட்டரங்கிலும் அதிகம் பார்க்கலாம்.

எங்கே நிறுத்துவது?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதுமென்றால், அது இதுதான்: ஆன்டெனாவை நடிகரிடம் கொண்டுபோங்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒலிப்பதிவாளரின் வண்டி நடிகரிடமிருந்து 30 மீட்டர் தள்ளி நிற்கிறது. சிக்னல் போதவில்லை. டிரான்ஸ்மிட்டரின் சக்தியை 50 மில்லிவாட்டிலிருந்து 250க்கு உயர்த்தினால் 7 டெசிபல் கூடும். பாட்டரி சீக்கிரம் தீரும், பக்கத்து மைக்குகளுக்கும் தொல்லை. அதற்குப் பதிலாக ஆன்டெனாவை மட்டும் நடிகருக்கு 10 மீட்டர் அருகில் கொண்டுபோனால், தூரம் மூன்றில் ஒன்று, சக்தி ஒன்பது மடங்கு. 9.5 டெசிபல் கிடைக்கும். செலவு 20 மீட்டர் கேபிள்.

அருகே போவதில் இன்னொரு நுட்பம் உண்டு. நடிகரின் சிக்னல் கூடும்போது, தொலைவில் இருக்கும் தொலைக்காட்சிக் கோபுரத்தின் சிக்னல் கூடுவதில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது. பூஸ்டர் இரண்டையும் ஒன்றாக உயர்த்தும். ஒன்றை மட்டும் உயர்த்துவது அருகாமையும் திசையும்தான்.

அடுத்தது பக்கம். காமிரா நடிகரின் முகத்தைப் பார்க்கிறது. டிரான்ஸ்மிட்டர் அவர் முதுகில் இருக்கிறது. ஒலிப்பதிவாளரின் வண்டியோ வழக்கமாகக் காமிராவுக்குப் பின்னால். ஆக, ஆன்டெனாவுக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவே நடிகரின் உடம்பு மட்டுமல்லாமல் காமிராக் குழுவினர் பத்துப் பேரின் உடம்பும் நிற்கிறது. ஓர் ஆன்டெனாவையாவது செட்டின் பக்கவாட்டிலோ பின்புறமோ மறைத்து வைத்தால் பாதிப் பிரச்சனை தீரும். திரைச்சீலை, மெல்லிய மரப்பலகை போன்றவை இந்த அலையைப் பெரிதாகத் தடுக்காது. உலோகத் தகடும் கம்பி வலையும்தான் தடுக்கும்.

மூன்றாவது உயரம். மனிதர்களின் தலைக்கு மேல், இரண்டரை அல்லது மூன்று மீட்டர் உயரத்தில் கம்பத்தை ஏற்றினால் பார்வைக் கோடு தெளிவாகும். வெளிப்புறப் படப்பிடிப்பில் காற்றுக்கு விழாமல் மணல் மூட்டை கட்ட மறக்கக் கூடாது.

நான்காவது அண்டை வீட்டார். இயக்குனர் காதில் கேட்பதற்கு நாமே ஒரு டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்போம். அதை வாங்கும் ஆன்டெனாவுக்கு அருகில் வைத்தால் நம் கையாலேயே நம் காதை அடைப்பது போல. சில மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். எல்.ஈ.டி. விளக்குகள், எல்.ஈ.டி. திரைச்சுவர்கள், மானிட்டர்கள், வீடியோ கேபிள்கள் இவையும் ரேடியோ இரைச்சலை உமிழும். அவற்றுக்கு ஆன்டெனாவின் முதுகைக் காட்டுங்கள்.

கார்க் காட்சி தனிக் கதை. காரின் உடம்பு ஓர் உலோகக் கூண்டு. பின்னால் வேறு வண்டியில் துரத்திக்கொண்டு போவதைவிட, ரிசீவரையும் ரெக்கார்டரையும் அந்தக் காரிலேயே வைத்துவிடுவது நிம்மதி. ரெக்கார்டர் டிக்கியில் இருந்தாலும், ஆன்டெனாக்களைக் கேபிள் வழியாகப் பின் இருக்கைப் பகுதிக்குக் கொண்டுவர வேண்டும்.

கேபிளும் பூஸ்டரும்

மேலே சொன்ன 20 மீட்டர் கேபிளுக்கும் ஒரு விலை உண்டு. ஆர்.ஜி. 58 என்ற மெல்லிய கேபிள் 500 மெகாஹெர்ட்ஸில் 20 மீட்டருக்கு 7 டெசிபல் போல விழுங்கும். அருகே போய்ச் சம்பாதித்த 9.5 டெசிபலில் முக்கால்வாசி போயிற்று. எல்.எம்.ஆர். 400 போன்ற தடித்த கேபிளில் இழப்பு 2 டெசிபல் மட்டுமே. ஆனால் அது விறைப்பானது, கனமானது, சுருட்டுவதற்குள் கை வலிக்கும். நடுத்தரமாக எல்.எம்.ஆர். 240 இருக்கிறது. இந்தக் கருவிகளெல்லாம் 50 ஓம் தடைக்கானவை. அவசரத்துக்கு 75 ஓம் தொலைக்காட்சிக் கேபிள் கிடைத்தால் பயப்படத் தேவையில்லை. பொருந்தாமையால் வரும் இழப்பு அரை டெசிபலைக்கூடத் தொடாது.

1980களில் தமிழ்நாட்டின் தென்கடலோரத்தில் இலங்கையின் ரூபவாஹினியைப் பிடிக்க உயரமான கம்பம் நட்டு, அதன் உச்சியில் பூஸ்டர் மாட்டியவர்களை நினைவிருக்கலாம். பூஸ்டரைக் கீழே டி.வி. பக்கத்தில் வைக்காமல் மேலே வைத்ததில் பௌதிகம் இருக்கிறது. கேபிளில் சிக்னல் தேய்ந்த பிறகு பெருக்கினால், மிஞ்சிய சிக்னலோடு பூஸ்டரின் சொந்த இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். தேய்வதற்கு முன்பே பெருக்க வேண்டும். தள ஒலிப்பதிவிலும் பூஸ்டரின் இடம் ஆன்டெனாவின் காலடி. அதற்கான மின்சாரம் அதே கேபிள் வழியே மேலே போகும்.

பெருக்கம் எவ்வளவு? கேபிள் எவ்வளவு விழுங்குகிறதோ அவ்வளவு. அதற்கு மேல் கூட்டினால் ரிசீவரின் முகப்பு திணறும். இல்லாத அலைகள் இருப்பதாகத் தோன்றும். குட்டையான கேபிளுக்குப் பூஸ்டரே வேண்டாம்.

ஒரு ஜோடி ஆன்டெனாவைப் பல ரிசீவர்களுக்குப் பங்கு போடும் பெட்டியும் உண்டு. மின்சாரமில்லாத சாதாரணப் பங்கீட்டுப் பெட்டியில் இரண்டாகப் பிரித்தால் 3 டெசிபலுக்குச் சற்று அதிகமாகப் போகும், நான்காகப் பிரித்தால் 6 டெசிபலுக்கு மேல். மின்சாரத்தில் இயங்கும் பெட்டி அந்த இழப்பை ஈடுகட்டிவிடும்.

சுருங்கிவரும் வானம்

2010 வரை அமெரிக்காவில் கம்பியில்லா மைக்குகள் 470 முதல் 806 மெகாஹெர்ட்ஸ் வரை, தொலைக்காட்சி நிலையங்கள் விட்டுவைத்த இடைவெளிகளில் குடியிருந்தன. 2010 ஜூன் 12 முதல் 698க்கு மேற்பட்ட பகுதி மைக்குகளுக்குத் தடை செய்யப்பட்டது. 2017இல் 614 முதல் 698 வரையுள்ள பகுதியும் ஏலத்தில் செல்பேசி நிறுவனங்களுக்குப் போயிற்று. சிறு இடைவெளிகள் தவிர அதையும் 2020 ஜூலை 13க்குள் காலி செய்ய நேர்ந்தது. இடையே உள்ள 608 முதல் 614 வரை வானொலி வானியலுக்கும் மருத்துவமனைக் கருவிகளுக்கும் ஒதுக்கப்பட்டது. ஆக, அந்தப் பகுதியில் முக்கியமாக மிஞ்சியது 470 முதல் 608 வரை. 336 மெகாஹெர்ட்ஸ் இருந்த இடத்தில் 138. அதையும் தொலைக்காட்சி நிலையங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் போன்ற பெருநகரங்களில் அதிலும் ஒரு பகுதி காவல்துறை முதலியோரின் ரேடியோவுக்கு. நல்ல நிலையில் இருந்த கருவிகளை இருமுறை மூட்டை கட்டிப் பரணில் போட்ட சிறு ஒலிப்பதிவாளர்களின் நஷ்டம் எந்த ஏலக் கணக்கிலும் வராது. வெளிநாட்டில் படமெடுக்கப் போகிறவர்கள் அந்தந்த நாட்டின் விதியைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

இடம் குறைந்தபோது மைக்குகள் நெருங்கின. நெருங்கினால் அவை தமக்குள் கலந்து புதிய அலைகளைப் பெற்றெடுக்கும். 500, 501 மெகாஹெர்ட்ஸில் இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் அருகருகே இருந்தால் 499லும் 502லும் போலி அலைகள் தோன்றும். முதல் எண்ணின் இரு மடங்கிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ஒன்று, இரண்டாவதின் இரு மடங்கிலிருந்து முதலைக் கழித்தால் மற்றது. மூன்றாவது மைக்கை ஒழுங்காக 502இல் வைத்தவர் அந்தப் போலியின் மடியிலேயே அதை உட்கார வைக்கிறார். ஆகவே சமமான இடைவெளி இங்கே ஆகாது. இதைக் கணக்கிடக் கணினி நிரல்கள் இருக்கின்றன. ஆன்டெனாவை எவ்வளவு நன்றாக நட்டாலும் அலைவரிசைத் தேர்வு தவறானால் பயனில்லை.

நடந்து பார்த்தல்

தளத்துக்குப் போனதும் நான் செய்யும் வரிசை இது. முதலில் எல்லா டிரான்ஸ்மிட்டர்களையும் அணைத்துவிட்டு, ரிசீவரில் வானத்தை ஸ்கேன் செய்து காலியான இடங்களைக் குறித்துக்கொள்வேன். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, ஒன்றை மட்டும் அணைத்து, அதன் ரிசீவரில் வேறு ஏதேனும் கேட்கிறதா என்று பார்ப்பேன். இப்படி ஒவ்வொன்றாக. கடைசியாக, உதவியாளர் டிரான்ஸ்மிட்டரை நடிகர் கட்டும் இடத்திலேயே கட்டிக்கொண்டு, நடிகர் நடக்கும் பாதை முழுவதும் எண்களைச் சொல்லிக்கொண்டே நடப்பார், திரும்பி நிற்பார், உட்காருவார். இரண்டு ஆன்டெனாக்களின் அளவுமானியும் எங்கே ஒன்றாகச் சரிகிறது என்று பார்த்தால், எதை நகர்த்த வேண்டும் என்பது தெரிந்துவிடும். விளக்குகள் எரிந்து ஆட்கள் எல்லோரும் வந்த பிறகு இன்னொரு முறை நடந்து பார்ப்பது நல்லது. காலையில் காலியாக இருந்த அறையும் நாற்பது பேர் நிற்கும் அறையும் அலைக்கு ஒன்றல்ல.

டிஜிட்டல் கருவிகள் வந்த பிறகு இந்தச் சோதனை இன்னும் முக்கியமாகிவிட்டது. பழைய அனலாக் மைக் சிக்னல் குறையும்போது முதலில் இரையும், நமக்கு எச்சரிக்கை கிடைக்கும். டிஜிட்டல் கடைசி நொடி வரை சுத்தமாகப் பேசிவிட்டுச் சட்டென்று ஊமையாகும். டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே ஒரு நகல் பதிவாகும் கருவிகளும் இருக்கின்றன. காப்பீடு என்ற அளவில் அது நல்லது. ஆனால் தளத்தில் இயக்குனர் அந்த நகலைக் கேட்பதில்லை, அலையில் வருவதைத்தான் கேட்கிறார். அறுந்த வசனத்தைக் கேட்டு அவர் இன்னொரு டேக் போகச் சொன்னால், நடிகரின் முதல் அழுகை அத்தோடு போயிற்று.

கதைப்படத்திலாவது இன்னொரு டேக் உண்டு, டப்பிங் தியேட்டர் உண்டு. ஆவணப்படத்தில் அந்த வசதியும் இல்லை. தொழிற்சாலை மூடப்பட்ட கதையை அதன் வாசலில் நின்று சொல்லும் எழுபது வயதுத் தொழிலாளியிடம், இருபது வருடமாக வாய் திறக்காத ஒன்றை முதன்முறையாகச் சொல்லும் பெண்ணிடம், "அம்மா, அந்த இடத்தில் சத்தம் விட்டுப்போச்சு, மறுபடி சொல்லுங்க" என்று கேட்டால் வார்த்தைகள் திரும்ப வரும். சொன்ன விதம் வராது. அதனால்தான் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் ஒலிப்பதிவாளர் ஒரு கம்பத்தைத் தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும் இடம் பார்த்துக்கொண்டிருப்பார். படம் முடிந்து ஓடும் பெயர்களில் அந்தக் கம்பத்துக்கு இடமில்லை. பேச்சு முழுசாகக் கேட்டிருந்தால் அது தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள்.